பழைய காதலும் பின்வந்த சிநேகமும்

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் நாம் பேசி உட்கார்ந்ததும், வழக்கம்போல் கேள்விச் சீட்டுகள் மேடைக்கு வந்தன. கடவுளைப் பற்றி இரண்டு, ராகு காலத்தைப் பற்றி ஒன்று. இவைகளுக்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று. நான்காவது சீட்டைத் தலைவர் பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்துத் தம் சட்டைப் பையில் போட்டுக் கொள்ளப் போனார். நாம் கேட்டு வாங்கிப் படித்தோம். அதில், “தாங்கள் முன்பு காதலித்துக் கைவிட்ட ஒரு அம்மாள் சீமையில் இருப்பதாகவும், அந்த அம்மாளுடன் தாங்கள் இன்றைக்கும் கடிதப் போக்குவரத்து வைத்திருப்பதாகவும் சொல்லுகிறார்களே, அது மெய்தானா? மெய்யானால், பெண்ஜாதி பிள்ளையோடு இருக்கும் தங்களுக்கு ஒழுக்கத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?” என்று எழுதியிருந்தது.

“மெய்தான். கைவிட்டதும் மெய், கடிதம் எழுதுவதும் மெய்” என்று மாத்திரம் சொன்னோம். அதற்கு மேல் சொல்லத் தலைவர் இடம் கொடுக்கவில்லை. அவசர அவசரமாய் வந்தனோபசாரத்துக்குப் போய்விட்டார். சீட்டு எழுதிய தோழர் பெயர் போடவில்லையானாலும், அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஊரில் உள்ளவர்களின் நடத்தையையெல்லாம் மேடையேறி எடை போடுகிறவர்களின் நடத்தையை ஊர் எடை போடாமல் விடலாமா? ஆகையால் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் சங்கதி. 2001ஆம் வருஷத்தில் நாம் ஒரு அச்சாபீசில் கம்பாசிட்டர் வேலை பார்த்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் நாம். எழுத்துக் கோத்தே எழுத்துக் கற்றுக்கொண்டோம். நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் ஒரு ரத்ததான முகாமுக்கு நோட்டீசு அடிக்க வந்தவர், புரூப் பார்த்து ஒரு பக்கத்துக்குள் ஏழு பிழை கண்டுபிடித்தார். பழக்கம் அப்படி ஏற்பட்டதுதான். மூன்று வருஷம் அது வளர்ந்து, நாம் வேறு ஜாதி, அவர் வேறு ஜாதி என்பதனால் இரு வீட்டிலும் கலகமாகி, கடைசியில் ஒரு தோழர் வீட்டில் நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதென்று தேதியும் வைத்தாகிவிட்டது. புரோகிதன் வேண்டியதில்லை, மந்திரம் வேண்டியதில்லை, உற்றார் சிநேகிதர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் கலியாணம் செல்லும் என்று 1967லேயே இந்த நாட்டில் சட்டம் செய்தாகிவிட்டது. சட்டம் இருந்தது. நம்மிடத்தில் தைரியந்தான் இல்லை.

நம் தகப்பனார் பூச்சி மருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நாம் இரண்டு மாதம் தவணை கேட்டோம். இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று, ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று. இடையே கலப்புமணத்தின் மேன்மையைப் பற்றி மூன்று ஊர்களில் பிரசங்கமும் செய்தோம் என்பதை வெட்கத்தோடு இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம். அந்த அம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. 2004இல் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது, போய்விட்டார். 2010இல் அங்கிருந்து லண்டனுக்குப் போய், இன்றைக்கும் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்.

துஷ்யந்த மகாராஜன் சகுந்தலையை மறந்ததற்குத் துர்வாசரின் சாபம் காரணம் என்று நாடகத்தில் சொல்லுகிறார்கள். மகாபாரதத்தில் அந்தச் சாபமே கிடையாது. அங்கே ராஜா நன்றாய்த் தெரிந்துகொண்டேதான் சபையில் ‘உன்னைத் தெரியாது’ என்று சாதிக்கிறான். பின்னால் வந்த காளிதாசன்தான் ராஜாவின் யோக்கியதையைக் காப்பாற்றுவதற்காக ஒரு ரிஷியைப் பிடித்துக்கொண்டு வந்து பழியை அந்த ரிஷியின் தலையில் கட்டினான். நாமும் இரண்டு வருஷகாலம் நம் தகப்பனாரைத் துர்வாசராக்கி வைத்திருந்தோம். 2006இல்தான், பழி நம்முடையதே என்று ஒரு கடிதம் எழுதி குவைத்துக்கு அனுப்பினோம். பதில் வர நாலு மாதம் ஆயிற்று. ஒரே பக்கம். “இந்த ஒரு கடிதத்திலாவது அப்பா மேல் பழி போடாமல் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். அன்று தொடங்கியதுதான் சீட்டில் கண்ட கடிதப் போக்குவரத்து.

கைப்பேசியில் கண்மூடித் திறப்பதற்குள் சேதி போகிற இந்தக் காலத்திலும் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை அவர் தபாலிலேயே எழுதுகிறார். நாமும் அப்படியே. காதல் கடிதம் என்று நினைத்துக்கொண்டு யாராவது திருடிப் படித்தால் ஏமாந்து போவார்கள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை, அங்கே குளிர், எங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம், படித்த புத்தகம், பிள்ளைகளின் படிப்பு, இவைதான் இருக்கும். நாம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறதைப் படித்து, சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் குறித்து அனுப்புவதை மாத்திரம் அவர் இன்னும் நிறுத்தவில்லை.

2012இல் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன் என்று ஒரு புத்தகம் வந்தது. பெர்ட்ரண்டு ரஸ்ஸல் தம் வரலாற்றைத் தாமே எழுதியதில் இரண்டாம் பாகம், 1968இல் வெளியானது. 1927இல் லண்டனில் பாட்டர்ஸி நகர மண்டபத்தில், ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்று பேசினாரே, அதே ரஸ்ஸல்தான். அந்தப் பிரசங்கம் தமிழிலும் வந்து நம்மவர்கள் பலர் படித்ததுதான். நாம் இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பக்கம் ஐந்து பக்கம் என்று எட்டு மாதத்தில் அந்தப் பாகத்தைப் படித்து முடித்தோம். சீட்டு எழுதிய தோழருக்குச் சொல்லவேண்டிய பதிலில் பாதி அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகையால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்லுகிறோம்.

1916ஆம் வருஷம். ஐரோப்பா முழுவதும் யுத்தம். இங்கிலாந்தில் அந்த வருஷம் வாலிபர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கச் சட்டம் வந்தது. சேரமாட்டோம் என்றவர்களை ஜெயிலில் போட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாய் நின்ற சங்கத்தில் ரஸ்ஸல் முன்னணியில் இருந்தார். அதற்காகவே அவருக்கு 100 பவுன் அபராதம் போட்டார்கள். கேம்பிரிட்ஜ் கல்லூரியில் இருந்த உத்தியோகமும் போயிற்று. அந்தச் சங்கத் தலைவரை விசாரித்த போலீஸ் கோர்ட்டிலேதான் அவர் லேடி கான்ஸ்டன்ஸ் மாலெசன் என்ற அம்மையை முதன்முதலாய்ப் பார்த்தார். அந்த அம்மை பிரபு வீட்டுப் பெண். அதைத் துறந்து நாடக மேடைக்குப் போனவர். மேடையில் அவர் பெயர் கோலெட் ஓநீல். அப்போது அவருக்கு இருபது வயது, ரஸ்ஸலுக்கு நாற்பத்து நான்கு. அந்த அம்மைக்குப் புருஷன் உண்டு, ரஸ்ஸலுக்கோ பிரிந்து வாழும் மனைவி உண்டு. இருந்தும் காதல் ஏற்பட்டது. அவர்கள் ஒன்றாய் இருந்த ஒரு ராத்திரி, தெருவில் ஜனங்கள் குதூகலித்துக் கூச்சலிடும் சத்தம் கேட்டு எழுந்து பார்க்க, லண்டன் மேல் குண்டு போட வந்த ஜெர்மன் ஆகாயக் கப்பல் ஒன்று எரிந்து விழுந்துகொண்டிருந்ததாம். மனிதர்கள் உயிரோடு எரிவதைப் பார்த்து ஜனங்கள் ஆரவாரம் செய்யும் அப்படிப்பட்ட உலகத்தில் அந்த அம்மையின் அன்பு தமக்கு அடைக்கலமாய் இருந்ததாக ரஸ்ஸல் எழுதுகிறார்.

1918இல் யுத்தத்துக்கு விரோதமாய் எழுதிய ஒரு கட்டுரைக்காக அவருக்கு ஆறு மாதம் ஜெயில் விதித்தார்கள். மே மாதம் பிரிக்ஸ்டன் ஜெயிலுக்குப் போனார். வாசலில் மதம் என்ன என்று கேட்ட சிப்பந்திக்கு, ‘கடவுள் உண்டா இல்லையா என்று அறியமுடியாது என்பவன்’ என்னும் பொருள்படும் ஒரு வார்த்தையைச் சொன்னார். அந்த வார்த்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத சிப்பந்தி, மதங்கள் பல இருந்தாலும் எல்லோரும் கும்பிடும் சாமி ஒன்றுதானே என்று பெருமூச்சு விட்டானாம். அதை நினைத்து நினைத்து ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்ததாக எழுதுகிறார். நிற்க.

ஜெயிலிலிருந்து போகிற கடிதங்களை அதிகாரி படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். காதல் கடிதத்தை எப்படி அனுப்புவது? ரஸ்ஸல் ஒரு யுக்தி செய்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சரித்திரப் புத்தகங்களைப் படிப்பதாகவும், அதில் பூசோ என்ற புரட்சிக்காரர் ரோலாண்டு அம்மைக்கு எழுதிய கடிதங்கள் அகப்பட்டதாகவும் பாசாங்கு செய்து, தம் மனத்திலிருந்ததையெல்லாம் பிரெஞ்சு பாஷையில் எழுதி, புத்தகத்திலிருந்து நகல் எடுத்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பாவம், அதிகாரி சரித்திரமென்று நினைத்து விட்டுவிட்டார். அப்புறம் இன்னொரு வழியும் கண்டார். அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள் மடிப்பு வெட்டாமல் ஒட்டியபடியே வரும். அந்த மடிப்புக்குள் கடிதத்தைச் செருகி, பார்க்க வரும் சிநேகிதர்களிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். முதல் தடவை கொடுத்தனுப்பியது கணித சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகம்! இது பார்வைக்குத் தெரிவதைவிட ருசிகரமான புத்தகம் என்று சிநேகிதிக்குச் சூசகமாகவும் சொல்லி வைத்தாராம். அச்சாபீசில் தாள் மடித்து வெட்டிய நமக்கு இதைப் படித்தபோது உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்த ஜெயில் கடிதங்கள் இன்றைக்குக் கனடாவில் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் பத்திரமாய் இருக்கின்றன. இணையத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம்.

இவ்வளவு பெரிய காதல் என்ன ஆயிற்று என்றால், நிலைக்கவில்லை. ரஸ்ஸலுக்குப் பிள்ளை வேண்டும். கோலெட் அம்மைக்குப் பிள்ளை வேண்டாம், நாடகத் தொழில் வேண்டும். இதில் யார் மேல் குற்றம் சொல்ல முடியும்? யாருக்குப் பிள்ளை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது அவரவர் உடம்பையும் வாழ்வையும் பொறுத்த விஷயமல்லவா? 1920இல் ரஸ்ஸல் டோரா பிளாக் என்ற அம்மையுடன் சீனாவுக்குப் போனார். 1921இல் திரும்பி வந்து கலியாணம் நடந்தது, அந்த வருஷமே மகனும் பிறந்தான். இடையில் பழைய உறவு ஒருமுறை துளிர்த்து மீண்டும் வாடியதும் உண்டு. அப்புறம் மிஞ்சியது சிநேகம். யுத்தத்துக்கு முன்னும் பின்னுமாக அந்த அம்மை பத்து வருஷம் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து முதலான வட தேசங்களில் காலங்கழித்தார். ரஸ்ஸல் 1938 முதல் 1944 வரை அமெரிக்காவில் இருந்தார். இருவருக்கும் நடுவில் சமுத்திரமும் யுத்தமும் இருந்தன. டோரா அம்மைக்கு அப்புறமும் ரஸ்ஸல் இரண்டு கலியாணம் செய்துகொண்டார். 1950இல் நோபல் பரிசு பெற்றார், 1970இல் 97ஆவது வயதில் காலமானார். 1916இல் தொடங்கிய இருவர் பழக்கம் அதுவரை அறுந்து போகவில்லை. அந்த அம்மை 1975இல் இறந்தார்.

இதைப் படித்துவிட்டு ரஸ்ஸலைப் பெரிய மகாத்மாவாக்கி நாம் பூப்போட வேண்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கலியாணக் கட்டுப்பாடுகளைப் பற்றி அவ்வளவு தாராளமாய்ப் பேசியவர், கோலெட் அம்மைக்கு ஒரு சினிமா டைரக்டருடன் நெருக்கம் உண்டென்று 1917இல் தெரிந்தவுடன் பொறாமையில் வெந்து போனார். தமக்கு ஒரு நியாயம், அந்த அம்மைக்கு ஒரு நியாயம். அவரிடத்தில் நாம் மெச்சுகிற குணம் ஒன்றுதான். இதையெல்லாம் மறைக்காமல் அச்சுப் போட்டார். கோலெட் அம்மையும் லேசுப்பட்டவரல்ல. 1933இல் ஒரு நாவல் எழுதி, அதில் ரஸ்ஸலின் சாயலில் ஒரு பாத்திரத்தை நடமாட விட்டார். அது புகழ்மாலையல்ல. மனத்தாங்கலைப் புத்தகமாய் எழுதி ஊரறிய விற்ற பிற்பாடும் சிநேகம் நின்றது என்றால், அந்தச் சிநேகம் பொய் மரியாதையில் நின்றதல்ல என்று விளங்குகிறதல்லவா? நம்மைக் கேட்டால், இதில் நன்றிக்கு உரியவர் கோலெட் அம்மைதான் என்போம். விட்டுப் போனவனுக்குச் சிநேகம் சுலபம். விடப்பட்டவர் சிநேகம் கொடுப்பதுதான் பெரிது. நம் சங்கதியிலும் இதுவே நியாயம்.

அதே ரஸ்ஸலின் முதல் மனைவி ஆலிஸ் அம்மையின் கதை இதற்கு எதிரிடையானது. ஒருநாள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது தமக்கு மனைவி மேல் இருந்த அன்பு தீர்ந்துவிட்டதை உணர்ந்ததாக ரஸ்ஸல் எழுதுகிறார். உடனே சொல்லாவிட்டாலும், பின்னால் அதை அந்த அம்மையிடமே சொல்லியும்விட்டார். 1911இல் பிரிந்தார்கள், 1921இல் விவாகரத்து. அந்த அம்மையின் அன்பு மட்டும் தீரவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்துத்தான், இருவருக்கும் எண்பது வயதையொட்டிய காலத்தில், மறுபடி கடிதம் எழுதிக்கொண்டு சந்தித்துப் பேசினார்கள். 1951 ஜனவரியில் அந்த அம்மை இறந்துபோனார். ஏறக்குறைய நாற்பது வருஷம் பேசாமல் கழிந்ததை என்னவென்பது?

இனி தோழரின் கேள்விக்கு வருவோம். முன்பு காதலித்தவரோடு பின்பு சிநேகமாய் இருக்கக் கூடாது என்று சொல்லுகிறவர்களிடம் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, காதல் என்பது தெய்வீகம், மனிதருடைய சக்திக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம். தெய்வீகம் ஒருநாள் முடிந்துபோனால் என்ன செய்வது? தெய்வீகம் முடியாது ஆகையால், முன்பு இருந்தது காதலே அல்ல, வெறும் மயக்கம் என்று சொல்லவேண்டும். அல்லது எதிராளி ராட்சசி என்று சொல்லவேண்டும். இரண்டில் ஒன்றைச் சொன்னால்தான் தெய்வீகத்தின் மானம் நிற்கும். இதனாலேயே நாட்டில் தோற்றுப்போன காதலர்கள் ஒருவரையொருவர் தூற்றித் திரிகிறார்கள். வாலிபன் தன்னை வேண்டாம் என்ற பெண்ணின் முகத்தில் திராவகம் ஊற்றுகிறான். அதைத் தாடி வளர்த்துப் பாட்டுப் பாடிச் சினிமா எடுக்கிறார்கள். காதல் என்பது இரண்டு மனிதருக்குள் குணத்தாலும் பழக்கத்தாலும் அந்தந்தக் காலத்துத் தேவையாலும் உண்டாகிற ஒரு விருப்பம் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. விருப்பத்தில் ஒரு பங்கு போனால் மற்றப் பங்கு இருக்கும். புரூப் திருத்தத் தெரிந்த கண்ணும், நோயாளியிடம் பொறுமையும், பொய் சொன்னால் கண்டுபிடிக்கும் புத்தியும் ஒருவரிடத்தில் இருந்ததற்காக நாம் பிரியப்பட்டோம். காதல் போனதும் இவையெல்லாம் அவரைவிட்டுப் போய்விட்டனவா?

இரண்டாவது எண்ணம், பெண் என்பவள் சொத்து என்பது. வயல் ஒருவனுக்குக் கிரயமானபின் பழைய உடையவன் வரப்பில் நடமாடக் கூடாது என்கிற மாதிரி. வேறு வார்த்தையால் இதை எவ்வளவு மூடினாலும் உள்ளே இருப்பது இதுதான். இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலர் பலமுறை எழுதிவிட்டபடியால் நாம் விரிக்கவில்லை.

“எல்லாம் சரி, வீட்டிலிருக்கும் அம்மாள் என்ன சொல்லுகிறார்கள்?” என்று தோழர் அடுத்தபடி கேட்பார். கேட்கவேண்டியதுதான். நமக்கு 2008இல் கலியாணமாயிற்று. கலியாணத்துக்கு முன்பே நம் துணைவியாரிடம் பழைய சங்கதியைச் சொல்லியிருந்தோம். ஆனால் கடிதம் வருவதைச் சொல்லவில்லை. கடிதங்கள் அச்சாபீஸ் விலாசத்துக்கு வந்துகொண்டிருந்தன. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத விஷயத்தை மறைத்தோம். ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது அகப்பட்டுக்கொண்டது. இரண்டு மாதகாலம் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு வரும், வார்த்தை வராது. பிறகு ஒருநாள் இருந்த கடிதங்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு முன்னே கொண்டுவைத்தோம். அவர் மூன்று நாள் படித்தார். “இதில் என்ன இருக்கிறது என்று ஆபீசில் ஒளித்து வைத்தீர்கள்?” என்று கேட்டார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று முதல் கடிதம் வீட்டு விலாசத்துக்கே வருகிறது.

2015இல் நம் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்தார். மடியில் பூச்சி மருந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அதே தகப்பனார்தான். எட்டு மாதம் படுக்கை. முதுகில் புண் வைக்கத் தொடங்கியதும் நமக்குக் கைகால் ஓடவில்லை. லண்டனுக்குப் போன் பேசினோம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், குதிகால் படுக்கையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்கடியில் தலையணை கொடுக்க வேண்டும், விரிப்பில் ஈரமும் சுருக்கமும் இருக்கக் கூடாது, சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நம் துணைவியார் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “செய்கிறவள் நான், என்னிடம் சொல்லட்டும்” என்றார். அதுவும் நியாயமே. நாம் கூட்டம் கூட்டமென்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம், கிழவரைப் புரட்டிப் போட்டவர் அவர்தான். அந்த எட்டு மாதமும் வாரம் தவறாமல் இரண்டு அம்மாள்களும் போனில் பேசிக்கொண்டார்கள். புண் ஆறியது. தன்னை மருமகளாக வரவொட்டாமல் தடுத்த கிழவனின் முதுகைச் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து காப்பாற்றியவரிடத்தில் நாம் நன்றியோடிருப்பது ஒழுக்கக்கேடு என்றால், அந்த ஒழுக்கம் நமக்கு வேண்டியதில்லை என்று தோழருக்குத் தாழ்மையாய்த் தெரிவித்துக்கொள்ளுகிறோம். கிழவர் சாகும்வரை அவருக்கு இது தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்று துணைவியார் சொல்லுகிறார். வேண்டியதில்லை என்று லண்டன் அம்மாள் சொல்லுகிறார். நமக்கு இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.

இத்துடன் நிறுத்தியிருந்தால் நம் கட்சி ஜெயித்ததாக இருக்கும். ஆனால் மேற்படி சீட்டைக் கூட்டத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து துணைவியாரிடம் காட்டி, என்ன பதில் எழுதலாம் என்று கேட்டோம். அவர் படித்துவிட்டு, “எனக்கும் அப்படி ஒருவர் இருந்து, மாதம் ஒரு கடிதம் வந்தால், நீங்கள் இதேமாதிரி நன்றி சொல்லிக் கட்டுரை எழுதுவீர்களா?” என்று கேட்டார். நாம் உடனே “எழுதுவோம்” என்றோம். உடனே சொன்னதனாலேயே அது பொய் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. ரஸ்ஸலும் சினிமா டைரக்டரும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, “அப்படி யாராவது இருந்தாரா?” என்று கேட்டோம். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகே நமக்குப் புலப்பட்டது.

இருந்தாராம். டைப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவராம். காதல் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போவதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம். அந்த மாப்பிள்ளை நாம்தான். அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. “தெரிந்துகொள்ள எனக்கு எங்கே இடம் இருந்தது?” என்றார். ஒரு ஆண் தன் பழைய சிநேகிதியைப் பற்றி மேடையில் ஒப்புக்கொண்டால் தைரியசாலி என்று நாலு பேராவது சொல்லுவார்கள். அதே வார்த்தையை ஒரு பெண் தண்ணீர்க் குழாயடியில் சொன்னால் அவள் கதி என்ன ஆகும் என்பது கேள்விச் சீட்டு எழுதிய தோழருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நாம் நன்றி என்று கொண்டாடுகிற இந்தச் சிநேகம், ஆணாய்ப் பிறந்த சலுகையால் நமக்குச் சுலபமாய்க் கிடைத்தது. ரஸ்ஸலின் புத்தகத்தில் எட்டு மாதம் படித்தும் கண்ணில் படாத விஷயம் இது.

நாம் பெரிய மனசு பண்ணி, “வேண்டுமானால் அந்த மனிதரின் விலாசம் விசாரித்துப் பார்க்கலாமே” என்றோம். துணைவியார் சிரித்துவிட்டார். “இத்தனை வருஷம் கழித்து அனுமதி கொடுக்கிறீர்களோ?” என்றார்.

அனுமதி என்ற அந்த வார்த்தை நம்மைக் குத்திக்கொண்டே இருக்கிறது. லண்டனுக்கு எழுதவேண்டிய கடிதம் பாதியில் நிற்கிறது. அந்த அம்மாள் சென்ற கடிதத்தில், லீவு நாளில் பிரிக்ஸ்டன் போய் ஜெயில் மதிலைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், இன்றைக்கும் அது ஜெயிலாகவே இருப்பதாகவும், மதிலைத் தவிர வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். நாம் நம் வீட்டில் நடந்த பேச்சை ஒளிக்காமல் ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம். மறுபக்கத்தைத் துணைவியார் தமக்கு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார். என்ன எழுதப் போகிறார் என்று நாம் கேட்கவில்லை. ஒட்டின பிறகுதான் நம்மிடம் கொடுப்பாராம்.